ஊர் விட்டுப் போன பேய்கள்

நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு என்னுடைய ஒரு பழக்கம் வேடிக்கையாகத் தோன்றுகிறது. ஞாயிறு மாலைகளில் மற்றவர்கள் கோயிலுக்கோ கடைத்தெருவுக்கோ கிளம்பும் வேளையில், நான் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பழைய ஐரோப்பியப் பேய்ப்படம் பார்க்க உட்கார்ந்துவிடுவேன். அதிலும் பாதி ஊமைப்படங்கள். "பென்ஷன் வாங்குகிற வயதில் சுந்தர காண்டம் படிக்காமல் இதென்ன பேய்க்கூத்து?" என்று என் மனைவி கேட்பதுண்டு. விஷயம் எப்படியோ இதழாசிரியர் காதுக்குப் போய்விட்டது. "அந்தப் பேய்களைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் சார்" என்று சொல்லிவிட்டார்.

பேய்ப்படம் என்றதும் வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் நம் நினைவுக்கு வரும். நான் சொல்லும் படங்களின் அழகு வேறு. ஒரு சுவர், ஒரு மாடிப்படி, அதில் நீளும் ஒரு நிழல், இவ்வளவுதான். ரத்தம் குறைவு, இருட்டு அதிகம். ஆனால் இத்தனை ஆண்டுகள் இவற்றைப் பார்த்து வந்ததில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. படத்துக்குள் வரும் பேயின் கதையைக் காட்டிலும், அந்தப் படச்சுருள் அழியாமல் பிழைத்த கதை பல சமயம் இன்னும் விறுவிறுப்பானது. அந்தக் கதைகளுக்குள் ஓர் ஒற்றுமையும் இருக்கிறது. பிறந்த ஊரில் எரிந்தோ வெட்டுப்பட்டோ மறக்கப்பட்டோ போன படத்தை, எப்போதோ ஊர் விட்டுப் போன ஒரு பிரதி காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. வெளியூரில் குடித்தனம் செய்யும் நமக்கு இது கேட்க இனிப்பான செய்திதானே!

பூனாவில் தொடங்கிய பித்து

வேலை கிடைத்து நான் பூனாவுக்கு வந்தது 1979இல். கையில் குடும்பமும் இல்லை, மாலை நேரத்தில் போக்கிடமும் இல்லை. லா காலேஜ் சாலையில் தேசியத் திரைப்படக் காப்பகம் இருக்கிறது, அங்கே உலகப் படங்களெல்லாம் காட்டுவார்கள் என்று உடன் வேலை பார்த்த பாலக்காட்டு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். 1964இல் நிறுவப்பட்ட அந்தக் காப்பகத்தை வளர்த்தெடுத்தவர் பி.கே. நாயர். ஊர் ஊராகச் சென்று, கொட்டகைக் கிடங்குகளில் கிடந்த டப்பாக்களைக் கிளறி, படங்களைக் கொண்டுவந்து சேர்த்தவர். 2016இல் அவர் பூனாவில் காலமானார்.

அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மன் மொழி வகுப்புகள் நடக்கும் ஓர் அரங்கில் ‘நோஸ்ஃபெராட்டு’ பார்த்தேன். மடக்கு நாற்காலிகள், ‘கடகட’ என்று ஓடும் 16 எம்.எம். புரொஜெக்டர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ராத்திரி என்று எழுத்து போடுகிறார்கள். ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கிறானே, வெயில் பட்டால் செத்துவிடுவான் என்றல்லவா கதை?"

நல்ல கேள்வி. அரங்கில் பதில் சொல்ல யாரும் இல்லை. அதற்கான விடை அந்தப் படம் பட்ட பாட்டில் இருக்கிறது.

நீதிமன்றம் எரிக்கச் சொன்ன படம்

பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ நாவல் வெளிவந்தது 1897இல். அவர் 1912இல் மறைந்தார். மனைவி ஃப்ளோரன்ஸுக்கு அந்த நாவலின் உரிமைதான் முக்கியச் சொத்து. 1922இல் பெர்லினிலிருந்து அவருக்குப் பெயரில்லாத ஒரு தபால் வந்தது. உள்ளே ஒரு படத்தின் விளம்பரத் தாள். ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற அந்தப் படம் டிராகுலா கதையை ஒட்டியது என்று வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தது. அனுமதி வாங்கவில்லை, காசு கொடுக்கவில்லை.

ஆல்பின் கிராவ் என்பவர் நடத்திய பிராணா ஃபிலிம் என்ற சிறிய கம்பெனியின் படம் அது. ஆம், நம்முடைய ‘பிராணன்’தான். கீழைநாட்டு மறைஞானத்தில் ஈடுபாடு உள்ளவர் கிராவ். இயக்கியவர் எஃப்.டபிள்யூ. முர்னாவ். டிராகுலா பிரபுவைக் கவுண்ட் ஓர்லாக் என்று பெயர் மாற்றி, மேக்ஸ் ஷ்ரெக் என்ற நாடக நடிகருக்கு மொட்டைத் தலையும் எலிப் பல்லும் கூர்நகமும் வைத்தார்கள். 1922 மார்ச் 4ஆம் தேதி பெர்லின் மிருகக்காட்சிச் சாலையைச் சேர்ந்த ஒரு மண்டபத்தில் முதல் காட்சி. விளம்பரத்துக்குத் தண்ணீராகப் பணத்தைச் செலவழித்த கம்பெனி அதே ஆண்டில் திவாலாகிவிட்டது. பிராணனை விட்டது என்று நம் ஊரில் சொல்லியிருப்பார்கள்.

ஃப்ளோரன்ஸ் அம்மையார் எழுத்தாளர் சங்கத்தின் துணையோடு வழக்குத் தொடுத்தார். திவாலான கம்பெனியிடம் நஷ்ட ஈடு வாங்க வழியில்லை. ஆகவே, படத்தையே அழித்துவிடுங்கள் என்று கேட்டார். 1925இல் நீதிமன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. நெகட்டிவும் பிரதிகளும் அழிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு. அவர் பக்கம் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. கணவன் விட்டுச் சென்ற எழுத்தை வைத்துத்தான் அந்த விதவை காலம் தள்ளினார்.

ஆனால் அதற்குள் சில பிரதிகள் ஜெர்மனியின் எல்லையைத் தாண்டிவிட்டன. 1922லேயே பிரான்சில் படம் ஓடியது. பிறகு அமெரிக்காவுக்கும் போனது. பெர்லின் நீதிமன்றத்தின் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. இன்று நாம் காணும் ‘நோஸ்ஃபெராட்டு’ இப்படி வெளிநாடுகளில் தங்கிவிட்ட பிரதிகளிலிருந்து ஒட்டுப்போட்டு எடுத்ததுதான். பாரிசில் உள்ள திரைப்படக் காப்பகத்தில் 1920களின் பிரதி ஒன்று இருந்தது. அது வெறும் கறுப்பு வெள்ளை அல்ல, சாயம் தோய்த்த பிரதி. இரவுக் காட்சிக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு.

அந்த மாணவரின் கேள்விக்கு இதுதான் பதில். இரவில் படம் பிடிக்கப் போதுமான விளக்கு வசதி அன்று இல்லை. பகலில் எடுத்துவிட்டு, சுருளை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். பார்ப்பவர்கள் அதை இரவென்று எடுத்துக்கொள்வார்கள். பின்னாளில் மலிவாகக் கறுப்பு வெள்ளையில் மறுபிரதி எடுத்தவர்கள் நீலத்தை விட்டுவிட்டார்கள். இரவு பகலாகிவிட்டது! பல ஆண்டுகள் கழித்து, சாயம் மீட்கப்பட்ட வடிவத்தை நான் பார்த்தபோது அதே தெரு நீல இருளில் கிடந்தது. ஓர்லாக் பெட்டியைச் சுமந்து நடக்கிறான். உடம்பு சிலிர்த்தது உண்மை.

இன்னொரு செய்தி. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பதே இந்தப் படம் கண்டுபிடித்ததுதான். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். இன்று உலகம் முழுவதும் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த இந்த ‘விதி’, எரிக்கச் சொல்லி உத்தரவான ஒரு படத்திலிருந்து வந்தது.

சுவரில் தீட்டிய நிழல்

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1920இல் வந்தது ‘டாக்டர் காலிகாரியின் கூடம்’. ராபர்ட் வீன இயக்கியது. முதல் உலகப் போரில் தோற்று, பசியிலும் பணவீக்கத்திலும் ஜெர்மனி தவித்த காலம். ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் என்ற மூன்று கலைஞர்கள் திரைச்சீலைகளில் கோணல் வீடுகளையும் சாய்ந்த ஜன்னல்களையும் வரைந்து, நிழலையும் வெளிச்சத்தையும்கூடச் சுவரிலும் தரையிலும் வர்ணத்தாலேயே தீட்டிவிட்டார்கள். நம் பழைய நாடகக் கம்பெனிகளின் படுதாக்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆனால் நம் படுதாவில் அரண்மனை நேராக நிற்கும். இங்கே உலகமே கோணிக்கொண்டு நிற்கிறது. ஒரு பைத்தியக்காரனின் கண்ணால் பார்க்கும் ஊர்.

இந்தப் படம் எரியவில்லை. நெகட்டிவின் பெரும்பகுதி ஜெர்மனியிலேயே இருந்தது. ஆனாலும் முதல் ரீல் இல்லை, வேறு சில இடங்களிலும் துண்டுகள் இல்லை. எந்தக் காட்சிக்கு எந்தச் சாயம் என்பதும் அதிலிருந்து தெரியவில்லை. 2014இல் படத்தைப் புதுப்பித்தவர்களுக்குச் சாய விவரத்தைச் சொல்லிக்கொடுத்தவை அந்தக் காலத்தில் லத்தீன் அமெரிக்காவுக்கு விற்பனைக்குப் போன பிரதிகள்.

பிரதிகள் மட்டுமா ஊர் விட்டுப் போயின? மனிதர்களும் போனார்கள். இந்தப் படத்தில் தூக்கத்தில் நடக்கும் சேசரேயாக வரும் கான்ராட் வைட், 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதரான தம் மனைவியோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1940இல் வந்த ‘பாக்தாத் திருடன்’ படத்தில் கெட்ட மந்திரி ஜாஃபர் அவர்தான். அந்தப் படத்தின் நாயகச் சிறுவன், மைசூர் யானைக் கொட்டாரத்திலிருந்து சினிமாவுக்குப் போன நம் சாபு. பெர்லினின் தூக்கநடையனும் மைசூரின் யானைக்காரப் பையனும் ஒரே படத்தில்! பின்னர் ‘காசாபிளாங்கா’வில் நாஜி அதிகாரி வேடம் போட்டார் வைட். நாஜிகளுக்கு அஞ்சி நாடு விட்டவருக்கு அந்த வேடம்தான் வாய்த்தது. 1943இல் அமெரிக்காவிலேயே இறந்தார்.

வெட்டியது ஒரு கை, சேர்த்தது ஒரு கை

ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானபோது ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம். இதைப் பேய்ப்படம் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்திரப் பெண்ணும் பாதாள நகரமும் கொண்ட இந்தப் படத்துக்கு இருப்பதுபோல் வெறிகொண்ட ரசிகர் கூட்டம் வேறு ஊமைப்படம் எதற்கும் இருக்குமா என்பது சந்தேகம். பெருஞ்செலவில் எடுத்த படம் வசூலாகவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள். வெட்டியது வெட்டியதுதான், இனி கிடைக்காது என்றே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

ஆனால் வெட்டுவதற்கு முந்தைய முழுப் பிரதி ஒன்றை அர்ஜென்டினாவைச் சேர்ந்த விநியோகஸ்தர் ஒருவர் தம் ஊருக்கு வாங்கிப் போயிருந்தார். அது கை மாறி, ஒரு விமர்சகரின் சேமிப்புக்குப் போய், 16 எம்.எம். சுருளாக நகலெடுக்கப்பட்டு, கடைசியில் பியூனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தின் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. 2008இல் அதைத் திறந்து பார்த்தார்கள். எண்பது ஆண்டுகளாக யாரும் காணாத காட்சிகள்! கோடு விழுந்து, மங்கி, மழை பெய்வதுபோல் இருந்தன. இருந்தாலும் இருந்தன. 2010இல் சுமார் 25 நிமிடம் கூடுதலாகச் சேர்த்துப் படம் மறுபடி பெர்லினில் திரையேறியது.

டென்மார்க்கின் கார்ல் டிரையர் 1932இல் எடுத்த ‘வாம்பயர்’ எனக்கு மிகவும் பிடித்த பேய்ப்படம். லென்சுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணியைக் கட்டி, படம் முழுவதும் விடியற்காலைப் பனிமூட்டம்போல் ஆக்கியிருப்பார். அவருடைய முந்தைய படம் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் துயரம்’, 1928. அதன் மூல நெகட்டிவ் அந்த ஆண்டே பெர்லினில் தீயில் போயிற்று. விட்டுவிட்ட ஷாட்டுகளைக் கொண்டு டிரையர் இரண்டாவது வடிவம் ஒன்றைச் சிரமப்பட்டுத் தொகுத்தார். பிறகு வந்ததெல்லாம் அரைகுறைப் பிரதிகள். தம் மூலப்படத்தை மறுபடி காணாமலேயே 1968இல் அவர் இறந்தார். 1981இல் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் சில டப்பாக்கள் கிடைத்தன. உள்ளே இருந்தது முதல் வடிவத்தின் முழுப் பிரதி. எப்படி அங்கே வந்தது என்று யாருக்கும் தெரியாது. டிரையர் இன்னும் பதின்மூன்று ஆண்டு இருந்திருந்தால் பார்த்திருப்பார்.

நம் வாசகர்களில் ஐம்பது அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கிறிஸ்டோபர் லீயின் டிராகுலா நினைவிருக்கும். 1958இல் ஹாம்மர் கம்பெனிக்காக டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய ஆங்கிலப் படம். அதன் முடிவில் சூரிய ஒளியில் டிராகுலா உதிர்ந்து போகும் காட்சியில் பிரிட்டிஷ் தணிக்கையாளர் கை வைத்துவிட்டார். வெட்டாத பிரதி ஒன்று ஜப்பானுக்குப் போயிருந்தது. டோக்கியோ காப்பகத்தில் 1984இல் தீவிபத்து. அதில் முதல் ரீல்கள் கெட்டன, கடைசி ரீல்கள் தப்பின. வேண்டிய காட்சி கடைசி ரீலில்தானே இருக்கிறது! அதிலிருந்து மீட்ட துண்டுகளைச் சேர்த்த படம் 2013இல் வெளிவந்தது.

1973இல் வந்த ‘தி விக்கர் மேன்’ கதையும் இதே மாதிரிதான். சொந்தக் கம்பெனியே படத்தைக் குறைத்து, வெட்டிய பகுதிகளைத் தொலைத்தும் விட்டது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனுக்கு அனுப்பியிருந்த நீளமான பிரதிதான் பின்னர் கைகொடுத்தது.

பெயர் மாறி, வேஷம் மாறி

வெளியூர் போனதெல்லாம் சுகமாக இருந்தது என்று சொல்லிவிடக்கூடாது. 1960இல் ஜார்ஜ் ஃப்ரான்ஜு எடுத்த பிரெஞ்சுப் படம் ‘முகமற்ற கண்கள்’. விபத்தில் முகம் சிதைந்த மகளுக்கு வேறு பெண்களின் முகத்தோலை எடுத்து ஒட்டப் பார்க்கும் ஒரு டாக்டரின் கதை. மகளாக நடித்த எடித் ஸ்கோப் படம் முழுக்க வெள்ளை முகமூடி அணிந்திருப்பார். கண் மட்டும் பேசும். தகப்பன் பாசம் எந்த எல்லை தாண்டினால் பாவமாகும் என்று கேட்கும் படம். அமெரிக்காவில் 1962இல் இதை ஆங்கிலம் பேச வைத்து, சில காட்சிகளை நறுக்கி, ‘டாக்டர் ஃபாஸ்டஸின் பயங்கரக் கூடம்’ என்று பெயர் சூட்டி ஓட்டினார்கள். கதையில் ஃபாஸ்டஸ் என்று ஒருவரும் இல்லை!

இத்தாலியின் மரியோ பாவா 1960இல் எடுத்த ‘பிசாசின் முகமூடி’க்கும் இதே கதி. அமெரிக்காவில் பெயரும் இசையும் மாறின, காட்சிகள் குறைந்தன. பிரிட்டனில் 1968 வரை தடை. பாவா அடிப்படையில் ஒளிப்பதிவாளர். பிசாசுக்குச் செலவு செய்யக் காசில்லாதவர், ஆனால் மூளை உள்ளவர். 1957இல் அவர் ஒளிப்பதிவு செய்த ஒரு படத்தில் இளம்பெண் ஒருத்தி ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல், நம் கண்ணெதிரே கிழவியாகிறாள். எப்படி? சுருக்கங்களைச் சிவப்பு மையால் முகத்தில் வரைந்து, சிவப்பு விளக்கைப் போட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தில் கோடு தெரியாது. மெல்ல விளக்கின் நிறத்தை மாற்றினால் ஒவ்வொரு கோடாக எழுந்து வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இரண்டு வண்ணக் கண்ணாடித் தாள்களை வைத்துச் செய்த வித்தை இது.

நல்லவேளையாக இந்த இரண்டு படங்களுக்கும் தாய்நாட்டில் மூலம் பத்திரமாக இருந்தது. ஆகவே ஊரிலும் ஒன்று, வெளியூரிலும் ஒன்று இருப்பதே உத்தமம்.

மலாடுக்கு வந்த நிழல்

இந்த ஜெர்மன் நிழல் நம் பக்கமும் வந்தது. மியூனிக்கைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் ஜோசப் விர்ஷிங், 1930களில் மும்பை மலாடில் இருந்த பம்பாய் டாக்கீஸில் வேலைக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ‘எதிரி நாட்டவர்’ என்று அவரைக் காவலில் வைத்தார்கள். விடுதலையான பிறகும் ஊர் திரும்பவில்லை. 1949இல் கமால் அம்ரோஹி இயக்கிய ‘மஹல்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவரே. அசோக் குமாரும் மதுபாலாவும் நடித்து, லதா மங்கேஷ்கரின் குரலைப் புகழேணியில் ஏற்றிய படம். பாழடைந்த மாளிகை, ஆடும் ஊஞ்சல், ஜன்னலில் விழும் ஒளி. ‘மஹல்’ பார்த்தவர்கள் ஒருமுறை முர்னாவின் படத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பது தெரியும். விர்ஷிங் 1967இல் காலமாகும்வரை இந்தியாவிலேயே வாழ்ந்தார்.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழில் பேசிய முதல் படம் 1931இல் வந்த ‘காளிதாஸ்’. டி.பி. ராஜலட்சுமி நடிக்க, எச்.எம். ரெட்டி இயக்கியது. வெளியூர்த் தமிழர்களான நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம், அது எடுக்கப்பட்டதே பம்பாயில்தான். ஆனால் இன்று அதில் ஓர் அடி படச்சுருள்கூட இல்லை. அதே ஆண்டு வந்த இந்தியாவின் முதல் பேசும்படம் ‘ஆலம் ஆரா’வும் இல்லை. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்ற ஊமைப்படமும் இல்லை.

காரணங்கள் பல. அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீருக்கு அடியிலும் எரியும். எரியாவிட்டாலும் நாளடைவில் பொடியாகும். பின்னர் வந்த அசிடேட் சுருளோ நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் காடி நாற்றம் அடித்துச் சுருங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேல் நம் அலட்சியம். ஓடி முடிந்த படத்தை யார் சீந்துவார்கள்? வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே சுருள்களை விற்றதுண்டு.

இதிலும் இரண்டு நல்ல கதைகள் உண்டு. 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற ஊமைப்படம் வெளிவந்தது. சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவியது. தயாரித்தவர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவில்காரர் ஆர். சுந்தரராஜ், இயக்கியவர் பி.வி. ராவ். நாவலின் பதிப்பாளர் உரிமை வழக்குப் போட்டார். படம் முடங்கியது. பிரதி பதிப்பாளரின் திருவனந்தபுரம் கிடங்கிலேயே கிடந்தது. 1974இல் அங்கிருந்து பூனா காப்பகத்துக்கு வந்தது. பெர்லினில் ஓர் உரிமை வழக்கு ஒரு படத்தை எரிக்கச் சொன்னது. இங்கே ஓர் உரிமை வழக்கு ஒரு படத்தைப் பூட்டி வைத்துக் காப்பாற்றிவிட்டது. தென்னாட்டு ஊமைப்படங்களில் இன்று நாம் கண்ணால் காணக்கூடியது அது ஒன்றுதான்.

மற்றொன்று 1919இல் கல்கத்தாவில் எடுத்த ‘பில்வமங்கள்’. தொலைந்தது என்று எண்ணியிருந்த இந்தப் படத்தின் ஒரு பகுதி பாரிஸ் காப்பகத்தில் இருந்தது. ‘நோஸ்ஃபெராட்டு’வுக்கு அடைக்கலம் கொடுத்த அதே காப்பகம்! 2016இல் அதன் டிஜிட்டல் நகல் பூனாவுக்கு வந்தது.

நான் கண்ணாரக் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். நான் உறுப்பினராக இருந்த ஒரு சிறிய படக்கழகம் 1990களில் மூடப்பட்டது. வீடியோ வந்துவிட்டது, கூட்டம் வரவில்லை, அறை வாடகை கட்ட முடியவில்லை. ஒரு சனிக்கிழமை போனபோது 16 எம்.எம். டப்பாக்களைப் பழைய இரும்புக்காரர் தராசில் நிறுத்திக்கொண்டிருந்தார். டப்பாவுக்குத்தான் விலை, சுருளுக்கு இல்லை. சுருள்கள் தரையில் சிக்குண்டு கிடந்தன. அவற்றில் என்ன இருந்ததென்று எழுதி வைத்த நோட்டுப் புத்தகமும் அந்த எடையிலேயே போய்விட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஒன்றாகப் படம் பார்த்தவர்கள் அன்று ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எதில் தொடங்கலாம்?

ஆசை வந்தவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் ‘நோஸ்ஃபெராட்டு’, சாயம் சேர்த்துப் புதுப்பித்த வடிவம். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்து ‘காலிகாரி’, பிறகு ‘வாம்பயர்’. பிரெஞ்சு, இத்தாலியப் படங்கள் பெரியவர்களுக்கு மட்டும். ‘முகமற்ற கண்கள்’ படத்தில் வரும் அறுவைச் சிகிச்சைக் காட்சி டாக்டர்களையே நெளிய வைக்கும். ஊமைப்படங்கள் பல இன்று இணையத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. விளக்கை அணைத்து, தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். முதல் கால் மணி நேரம் பொறுத்துக்கொண்டால் போதும், பிறகு நிழல் உங்களைப் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பர்மா, மலேயா, இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று தமிழன் போன இடமெல்லாம் தமிழ்ப் படப்பெட்டியும் போயிருக்கிறது. எந்த ஊர்ப் பரணில் என்ன கிடக்கிறதோ, யார் கண்டார்கள்? அங்கெல்லாம் உறவினர் உள்ளவர்கள் ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். பழைய சுருள் எதுவும் அகப்பட்டால் நீங்களாக ஓட்டிப் பார்க்க வேண்டாம், வெயிலில் காய வைக்கவும் வேண்டாம். டப்பாவோடு காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

நம் வீடுகளிலும் பாருங்கள். பாட்டுப் புத்தகம், படச் சுவரொட்டி, இந்த ஊரில் நாம் போட்ட நாடகங்களின் வீடியோ கேசட், பொங்கல் விழாவில் பெரியவர்கள் பேசிய ஒலிநாடா எல்லாமே இதில் சேர்த்திதான். சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இரண்டு தட்டு நிறைய கேசட்டுகள் இருக்கின்றன. சில ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்துவிட்டன. அடுத்த மழைக்காலத்துக்குள் அவற்றை நகலெடுத்து, ஒரு நகலை இங்கேயும் மற்றொன்றை ஊரிலும் வைத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. செயற்குழுவிடம் பேசியிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய இளைஞர்கள் நாலைந்து பேர் முன்வந்தால் போதும். காப்பியும் வடையும் என் வீட்டிலிருந்து வரும்.